கேட்டு வரைந்த சித்திரம்

கந்தப்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து கொழும்புக்குச் சென்று வரைகலை பயிலும் மாணவன் நான். படம் போடத் தெரிந்த பையன் என்று தோட்டத்தில் எனக்கு ஒரு சிறு பெயர் உண்டு. கோயில் திருவிழாவுக்கு அறிவித்தல் எழுதியும், பள்ளிக்கூட நாடகத்துக்குத் திரை தீட்டியும் தேடிய பெயர் அது. ஆயின் வரையத் தொடங்குமுன் வாசிக்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு என்பதைக் கல்லூரியிற் காலடி வைத்த பின்னரே அறிந்தேன்.

அதனை ஆங்கிலத்தில் ‘பிரீஃப்’ என்பார்கள். தமிழில் நிலைபெற்ற சொல் இன்னும் அமையவில்லையாதலின், பணிக்குறிப்பு என்று இங்கே வழங்குகிறேன். எதற்காகச் சித்திரம் வேண்டும், அதை யார் பார்ப்பார்கள், பார்த்தவர் மனத்தில் என்ன நிற்க வேண்டும், அளவு என்ன, என்றைக்குள் முடிய வேண்டும் என்பனவெல்லாம் அதில் இருக்கும். கேட்பவருக்கும் வரைபவருக்கும் இடையே எழுதப்பட்ட உடன்படிக்கை என்று சொன்னாலும் பொருந்தும். இந்தச் சிறு காகிதத்தைப் பற்றித்தான் இலக்கிய அன்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் சில வார்த்தை பேச விரும்புகிறேன். அது வரைகலைஞரின் தொழில் இரகசியமாக மட்டும் இருந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

ஒரு தவணையில் எமக்குக் கிடைத்த பணிக்குறிப்பு நான்கே வரி. தேயிலைப் பெட்டி ஒன்றுக்கு முகப்புச் சித்திரம் வேண்டும். பசுமை தெரிய வேண்டும். புத்துணர்ச்சி தோன்ற வேண்டும். கூடை சுமந்து புன்னகை பூக்கும் பெண்ணொருத்தி இருக்க வேண்டும். எனக்கு இதைவிட எளிய வேலை ஏது? கொழுந்து பறிக்கும் கைகளால் வளர்ந்தவன் அல்லவா நான்! இரண்டு இரவுகளில் வரைந்து முடித்தேன். விடுமுறைக்கு வீடு வந்தபோது கணினித் திரையில் அதைப் பெருமையுடன் அம்மாவுக்குக் காட்டினேன்.

முப்பது ஆண்டுகளாகக் கொழுந்து பறித்து வருபவர் அவர். சற்று நேரம் உற்றுப் பார்த்தார். “ஏந் தம்பி, இவ கொழுந்து பறிக்க வந்தவளா, கல்யாணத்துக்கு வந்தவளா? இடுப்புல படங்கைக் காணோம். கூடைக் கயிறு தலையில விழாம தோள்ல தொங்குது. ஆமா, இப்பல்லாம் யாரு கூடை தூக்குறா? சாக்குப் பையில்ல கட்டிக்கிட்டுப் போறோம்?” என்றார். கடைசியாக, “யாரப் பாத்துச் சிரிக்கிறா?” என்றும் கேட்டார்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. பெட்டியை வாங்குபவரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பதுதான் உண்மை. பணிக்குறிப்பில் விற்பவர் இருந்தார், வாங்குபவர் இருந்தார், வரைபவனும் இருந்தான். வரையப்படுகிறவள் மட்டும் இல்லை.

இந்தப் புன்னகை இன்று பிறந்ததன்று. 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ச் சாடிக்கு என்ற கருத்தை விளம்பரமாக்கி உலகெங்கும் பரப்பினார். அந்த விளம்பரங்களிற் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவமும் கடல் கடந்தது. தோட்டத்தின் உடைமையையும் உழைப்பையும் பற்றி எழக்கூடிய கேள்விகளை அமைதியான அந்தப் பெண்ணுருவம் எவ்வாறு மறைத்தது என்பதை ஆனந்தி ராமமூர்த்தி பேரரசுக் கால விளம்பரங்களைப் பற்றி 2003இல் வெளியிட்ட ஆங்கில நூலில் ஆராய்ந்திருக்கிறார். இந்த மக்களிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். ஆளுக்கு நாடு இல்லாத காலத்திலும் அவளுடைய படத்துக்கு மாத்திரம் உலகெங்கும் இடம் இருந்தது!

தேயிலைப் பெட்டிகளில் வாள் ஏந்திய சிங்க முத்திரை ஒன்று இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது அது. முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டால்தான் அந்த முத்திரையை இடலாம். நல்ல விதி, வேண்டிய விதி. ஆனால் எண்ணிப் பாருங்கள்: பெட்டிக்குள் இருக்கும் தேயிலை பொய்யாகக் கூடாது என்று விதி இருக்கிறது, பெட்டியின் மேல் இருக்கும் பெண் பொய்யாகக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

இவ்வளவும் என் மனத்தில் ஓட, கோபத்துடன் மறுபடியும் வரைந்தேன். இம்முறை முகமே இல்லை. கொழுந்தின் சாறேறிக் கறுத்து, வெடித்துக் கிடக்கும் இரண்டு கைகள் மாத்திரம். உண்மையை வரைந்துவிட்டேன் என்ற நிறைவுடன் கல்லூரியில் ஒப்படைத்தேன். பணிக்குறிப்பை மீறியது என்று மதிப்பெண் குறைந்தது. அடுத்த விடுமுறையில் அம்மாவிடம் ஆறுதல் தேடி அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது. “என் கைக் கறையை ஊர் ஊரா காட்டப் போறியா?” என்று கேட்டு எழுந்து போய்விட்டார்.

மதிப்பெண் குறைந்தபோது வராத வெட்கம் அப்போது வந்தது. விற்பவர் அவரைக் கேட்கவில்லை என்று குற்றம் சொன்ன நானும் அவரைக் கேட்கவில்லை. அவர் சிரிக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். வருந்த வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. மதிப்பெண் குறைந்ததும் நியாயம் என்றே இன்று கருதுகிறேன். குறிப்பிற் குறை கண்டவன் அதைத் தந்தவரிடம் திரும்பிச் சென்று பேசியிருக்க வேண்டும். பேசாமல் மீறியது கூட்டு முயற்சி ஆகாது.

“காசு கொடுப்பவர் சொல்வதை வரைவதுதானே தொழில்? ஆளுக்கு ஆள் கருத்துக் கேட்டால் சித்திரம் உருப்படுமா?” என்று சிலர் வினவலாம். வினா நியாயமானது. பத்துப் பேர் கைவைத்துக் கெடுத்த படங்களை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் கேட்பது வேறு, வாக்கெடுப்பு வேறு. எங்கள் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கிறது. ரதியும் மதனும் ஆடுவோர் சிலர், தப்பு அடிப்போர் சிலர், பந்தத்துக்கு எண்ணெய் வார்ப்போர் சிலர். தாளம் பிசகினால் வட்டத்தில் நிற்கும் முதியவர் ஒருவர் குரல் கொடுத்துத் திருத்துவார். எனினும் பாட்டை எடுத்துக் கொடுக்கும் வாத்தியார் ஒருவரே. முடிந்த முடிவு அவருடையது. எல்லோருடைய காதும் திறந்திருக்க, ஒருவர் பொறுப்பேற்கிறார். கூட்டு முயற்சி என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

பிற நாட்டாரும் இதை உணர்ந்தே இருந்தனர். 1920களில் வியன்னாவில், எழுத்தறிவு குறைந்தவருக்கும் புள்ளிவிவரங்களைப் படங்களாற் புரியவைக்க முனைந்த ஒட்டோ நொய்ராத்தின் குழுவில், அறிஞருக்கும் ஓவியருக்கும் இடையே நின்று பொருளை உருமாற்றித் தரும் பணியே தனியாக இருந்தது. மேரி ரைடமைஸ்டர் என்ற பெண்மணி அதைச் செய்தார். மக்கள் சார்பில் நின்று, எது விளங்கும், எது விளங்காது என்று வடிகட்டித் தருவதே அந்தப் பணி.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கண்டியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் மினெற் டி சில்வா, 1950களில் வட்டப்புளுவையில் அரச ஊழியருக்காக இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைத் திட்டமிட்டபோது, குடியேறப் போகிறவர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்தார். கூட்டம் கூட்டிப் பேசினார். பல இனத்தவர், பல வருவாயினர் அவர்கள். அவர்கள் சொன்னவற்றைக் கொண்டு வீட்டு வகைகளை அமைத்தார். அதே மலைநாட்டில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளாக நீண்டு கிடக்கும் லயன்களை எண்ணிப் பார்க்கிறேன். அடுப்பு எங்கே வேண்டும், பிள்ளை எங்கே படிக்கும், கிழவி எங்கே படுப்பாள் என்று அவற்றைக் கட்டியவர்கள் எவரையாவது கேட்டிருந்தால், அவை இந்த வடிவில் எழுந்திருக்குமா? கேளாமல் வரைந்த சித்திரத்தின் மிகக் கொடிய உதாரணம் அந்த லயன்தான். சித்திரத்தைக் கிழித்தெறியலாம், லயனிலோ தலைமுறை தலைமுறையாக வாழ வேண்டியிருக்கிறது.

ஆதலால் என் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு பணிக்குறிப்பிலும் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும்: ‘இதில் வரையப்படுவோர் யாவர்? அவர்களைக் கேட்டவர் யார்?’ வரைகலைக் கல்லூரிகள் மட்டுமன்றி, மலைநாட்டுப் பாடசாலைகளும் இதைக் கைக்கொள்ளலாம். பாடசாலை மலருக்கு அட்டை வரையும் மாணவனும், தோட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவியும் முதலில் அந்த வரிக்கு விடை எழுதட்டும். நம் மக்களைப் பற்றிக் கதையும் கவிதையும் படைக்கும் இலக்கிய அன்பர்களுக்கும் அது பொருந்தும். இரக்கம் மிகுந்த பேனாவும் கேளாமல் எழுதக் கூடியது என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

இரண்டாவது படம் தோற்ற சில நாட்களுக்குப் பின் அம்மாவிடம், “அப்படியென்றால் பெட்டியில் என்னதான் போடுவது?” என்று கேட்டேன். அதுவே நான் முதலிற் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “மூஞ்சியும் வேணாம், கையும் வேணாம். எந்த மலைக் கொழுந்துன்னு பேரப் போடு. நாங்க பறிச்சதுன்னு எழுது. அது போதும்” என்றார்.

இப்பொழுது அதைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். அவர் பறிக்கும் மலையின் பெயர் தமிழெழுத்தில். அதன் கீழே சிறிதாக ஓர் இரட்டை இலையும் மொட்டும். எழுத்தின் வடிவம் இன்னும் சரியாக அமையவில்லை. முடிந்ததும் முதலிற் காட்ட வேண்டியவர் யார் என்பது இம்முறை எனக்குத் தெரியும்.