உயில் எழுதுவோம், தோழியரே!

சொத்துச் சேர்க்க ஆயிரம் வழி சொல்லும் நம் சமுதாயம், சேர்த்த சொத்து தமக்குப்பின் எவரைச் சேரும் என்பதைப் பற்றி வாய்திறக்க அஞ்சுகிறது. ‘உயில்’ என்ற சொல்லைக் கேட்டதுமே, நல்ல நாளும் அதுவுமாய் இது என்ன பேச்சு என்று முகம் சுளிப்போர் பலர். அது முதியவர்க்கும் செல்வர்க்கும் உரியது என்று எண்ணுவோர் இன்னும் பலர். இவ்விரண்டு எண்ணங்களும் களையப்பட வேண்டியவை என்பது என் கருத்து. அதிலும், படித்துப் பட்டம் பெற்றுச் சொந்தக் காலில் நிற்கப்போகும் பெண்கள், சம்பளம் வாங்கத் தொடங்கியதும் எழுத வேண்டியது உயில் என்பேன். நம் மாணவியருள் பலர் தத்தம் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கப்போகும் முதற்பெண்கள். ஆகவே இது நம்மைப் பற்றிய பேச்சு.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்குலத்திற்குப் பெருநன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. பெண்ணின் சொத்துக்கு அவளையே முழு உரிமையாளர் ஆக்கியது அது. 1989இல் தமிழகம், அன்று மணமாகாதிருந்த பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் ஆண்களுக்கு நிகரான உரிமை தந்தது. 2005இல் மைய அரசின் திருத்தம் அவ்வுரிமையை நாட்டின் இந்து மகளிர்க்கு விரித்தது.

ஆயினும் அச்சட்டத்தின் 15ஆம் பிரிவில் ஒரு முள் இருக்கிறது. ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவன் தாய் அவன் மனைவி மக்களோடு முதல் வரிசையிலேயே பங்கு பெறுகிறாள். ஒரு பெண் அவ்வாறு இறந்தாலோ, முதலில் அவள் மக்களும் கணவனும். அவர்கள் இல்லையெனில் கணவனின் வாரிசுகள். அவர்களுக்கும் பின்னரே பெற்ற தாயும் தந்தையும்! பெற்றோர் வழியில் வந்த சொத்துக்கு மட்டும், மக்கள் இல்லாதபோது, அது தந்தையின் வாரிசுகளுக்கே திரும்ப விதிவிலக்கு உண்டு. அவள் வியர்வை சிந்தி ஈட்டிய பொருளுக்கு அவ்விலக்கும் இல்லை.

இது ஏட்டளவில் நிற்கும் குறையா? இல்லை. 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கைப் பாருங்கள். மணமாகி மூன்றே மாதத்தில் கணவனைப் பாம்பு தீண்டியது. கைம்பெண்ணைப் புகுந்த வீடு துரத்திவிட்டது. பிறந்த வீடு அரவணைத்துப் படிக்கவைத்தது. அவள் வேலைக்குச் சென்று, வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் பெரும்பொருள் சேர்த்து, 1996இல் உயில் எழுதாமல் மறைந்தாள். அப்பணம் எங்கள் மகளுடையது என்று தாய் வழக்காடினாள். பணம் கணவனின் உடன்பிறந்தாள் மக்களுக்கே போயிற்று. பரிவினால் சட்டத்தை மாற்றி வாசிக்க இயலாது என்றது நீதிமன்றம். ஒரு தாளும் இரண்டு சாட்சிகளும் இருந்திருந்தால் அந்தத் தாய் வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டாள்.

சட்டத்தைத் திருத்துவதல்லவா முறை என்று கேட்கலாம். முறைதான். 2008இலேயே சட்ட ஆணையம் தன் 207ஆம் அறிக்கையில் அதற்குப் பரிந்துரை செய்தது. இன்னும் திருத்தம் வந்தபாடில்லை. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதிவைக்க வேண்டுமென வேண்டுகோள் விடுத்தது. திருத்தம் வரும்வரை காத்திருக்கலாம்; காலன் காத்திருப்பானா?

‘வங்கியில் நாமினி பெயர் கொடுத்திருக்கிறேனே, போதாதா?’ என்பர் சிலர். போதாது. வங்கி வைப்பின் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே அன்றி அதன் உரிமையாளர் அல்லர் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நிறுவனப் பங்குகளுக்கும் அதுவே விதி என்றது 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

உயில் எழுதுவது மலையைப் புரட்டும் வேலையன்று. 18 வயது நிரம்பித் தெளிந்த மனநிலையோடு இருந்தால் போதும். முத்திரைத்தாள் வேண்டா, வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். நாம் கையொப்பமிடுவதைக் கண்ட இருவர், நம் முன்னிலையில் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். சொத்தைப் பெறுபவரைச் சாட்சியாக்காமல் இருப்பது நலம். பதிவு கட்டாயமன்று, எனினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவைத்தால் பின்னாளில் ஐயம் கிளப்புவது கடினம். நாம் வாழும்வரை சொத்து நம்முடையதே. மனம் மாறினால் உயிலையும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். தானப் பத்திரமோ எழுதிக் கொடுத்தபின் எளிதில் திரும்பாது. இசுலாமியத் தோழியர்க்கு விதி வேறு. வாரிசுகளின் இசைவின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் உயிலால் அளிக்க இயலாது.

உயில் இருபுறமும் கூரான கத்தி என்பதையும் நான் மறுக்கவில்லை. சட்டம் மகளுக்குத் தரும் பங்கை, உயில் எழுதி மகனுக்கே கொடுத்துவிடும் தந்தையரும் இருக்கிறார்கள். கத்தியால் கழுத்தறுப்பவன் இருக்கிறான் என்பதற்காகக் கனி நறுக்குவதை நிறுத்திவிடுவோமா? எழுதும் கை நேர்மையாக இருக்கட்டும் என்பதே நான் வேண்டுவது.

எங்கள் வீட்டில் இப்பேச்சை எடுத்தபோது, “வாயைக் கழுவுடி!” என்றார் பாட்டி. என் அம்மா மட்டும், “என் நகையைப் பற்றி நானே எழுதலாமா?” என்று கேட்டார். அக்கேள்வியில் இருந்த வியப்பு என்னைச் சிந்திக்க வைத்தது. தன் பொருளைப் பற்றித் தானே முடிவு செய்யலாம் என்பதே பல தாய்மார்களுக்கு இன்னும் செய்தியாக இருக்கிறது.

பேராசிரியப் பெருமக்களே, வகுப்பில் வாரிசுரிமை பற்றி ஒரு மணி நேரம் பேசுங்கள். மாணவ நண்பர்களே, உங்கள் தமக்கையரிடமும் தங்கையரிடமும் இதைக் கூறுங்கள். தோழியரே, நமக்காக வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்த பெற்றோர் நம் வாழ்வில் மூன்றாம் வரிசையில் இல்லை. நாம் விட்டுச்செல்லும் பொருளிலும் அவர்கள் மூன்றாம் வரிசையில் நிற்க வேண்டா.