சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் தங்கச்சிமடத்தில் மீன் வாங்க நின்றேன். ஒரு அம்மா வந்து, "சார், நல்லா இருக்கீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்கு படித்த ஒருவனின் தாய். அவன் பெயர் வேண்டாம், இந்தப் பதிவை அவனும் படிப்பான். இப்போது நெடுந்தூர சைக்கிள் ஓட்டுகிறான். 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள், 300ஐ 20 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பிரெவே ஓட்டங்கள் இருக்கின்றனவே, அவைதான். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்து அந்த அம்மா சொன்னதுதான் உறுத்தியது.

"மாசாமாசம் மூவாயிரம் ரூவாய்க்கு மாவு டப்பா வாங்குறான் சார். போன மாசம் குழுக் கடன்ல எடுத்துக் குடுத்தேன். அது குடிக்கலைன்னா ஒடம்பு கரைஞ்சு போயிருமாமே, நெசமா?"

அவர் இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. சூடை மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். படித்துத் தெரிந்துகொண்டதையும் கணக்குப் போட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது சைக்கிள் என்பது வேறு வழி இல்லாதவன் வாகனம். 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்தார்கள். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது 2017இல்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் உச்சிப்புளி டீக்கடையில் நின்றால், ஹெல்மெட்டும் கண்ணாடியுமாகப் பிள்ளைகள் வரிசையாகத் தனுஷ்கோடிப் பக்கம் போவதைப் பார்க்கலாம். ராமநாதபுரத்திலிருந்து முனைக்குப் போய்த் திரும்பினால் 150 கிலோமீட்டர் அளவுக்கு வரும். பாலத்து மேலே கச்சான் காற்று எதிரே அடித்தால் அது 200க்குச் சமம். என் காலத்துப் பையன்களுக்கு இந்தச் சாலை கிடைக்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அப்படி ஓட்டி முடித்த உடம்பு நான்கு விஷயங்களை இழந்திருக்கிறது. தண்ணீர், உப்பு, தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருந்த சர்க்கரை. நான்காவது, தசையில் ஏற்பட்ட சிறு சிறு தேய்மானம். அந்த டப்பா இந்த நான்கில் கடைசி ஒன்றை மட்டும்தான் கவனிக்கிறது. விளம்பரத்தில் இதை யாரும் சொல்வதில்லை.

முதலில் அந்தக் கடைசி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ டப்பா, ஏறத்தாழ 30 கரண்டி, கரண்டிக்கு 24 கிராம் புரதம். 3,000 ரூபாயை 30ஆல் வகுத்தால் ஒரு வேளைக்கு 100 ரூபாய். அதே 24 கிராம் 4 முட்டையில் இருக்கிறது. எங்கள் தெருக் கடையில் முட்டை 7 ரூபாய், ஆக 28 ரூபாய். அன்று நான் வாங்கிய சூடை கிலோ 120. கால் கிலோ எடுத்தால் 30 ரூபாய், தலையும் முள்ளும் கழித்து 125 கிராம் தேறும், அதில் ஏறக்குறைய அதே 24 கிராம் புரதம். பொட்டுக்கடலை 100 கிராமில் 20 கிராமுக்குக் குறையாது, விலை 12 ரூபாய் போல. நீலப் பாக்கெட் பால் அரை லிட்டரில் 16 கிராம், 20 ரூபாய் சொச்சம். வேர்க்கடலையிலும் 100 கிராமுக்கு 25 இருக்கிறது, ஆனால் பாதிக்குப் பாதி எண்ணெய். களைத்து வந்தவுடன் அதைத் தின்றால் வயிறு கனத்துவிடும், ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பால் புரதம் நன்றாகச் செரிக்கும், பருப்பு வகையில் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்பது உண்மைதான். அதற்காக மூன்று மடங்கு, எட்டு மடங்கு விலையா?

டப்பாவில் எழுதியிருப்பதையாவது நம்பலாமா என்றால், அதிலும் சந்தேகம். 2024இல் கேரளத்து மருத்துவர்கள் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரத மாவுகளைச் சோதித்து வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டுக்கும் மேற்பட்டவற்றில் லேபிளில் போட்ட புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. அதே ஆண்டு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் புரத மாவுகளைத் தவிர்க்கவே சொல்கிறது. எல்லா டப்பாவும் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். கடன் வாங்கி வாங்குகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்கிறேன்.

இனி மற்ற மூன்று. பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான்.

உடம்பில் சர்க்கரை இருப்பு மொத்தமே 400, 500 கிராம். கடுமையாக ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கண் இருட்டி, கால் துவண்டு, பெருங்குளம் பக்கம் புளிய மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் குறைந்தது புரதம் இல்லை, சோறு. 60 கிலோ எடை உள்ளவனுக்கு ஓட்டி முடித்த முதல் ஒரு மணி நேரத்தில் 60 முதல் 70 கிராம் மாவுச்சத்து போதும். இரண்டு வாழைப்பழமும் ஒரு சின்னத் துண்டு கருப்பட்டியும் அந்தக் கணக்கைச் சரிசெய்துவிடும். கால் கிலோ சோறும் சரிசெய்யும். மாசி பங்குனியிலிருந்து ஆனி வரை நம் ஜில்லாவில் பதநீர் கிடைக்கிறது. லிட்டருக்கு 100 கிராமுக்குக் குறையாத சர்க்கரை, மரத்திலிருந்து இறக்கியது. வெளிநாட்டு வீரன் பொட்டலத்தில் பிதுக்கிக் குடிக்கிற ஜெல்லுக்கு அண்ணன் முறை.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கிளம்பும் முன்பும் திரும்பி வந்த பின்பும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, அவசரப்படாமல், சில மணி நேரத்தில் குடிக்க வேண்டும். அதுவும் வெறும் தண்ணீராகக் குடம் குடமாக ஊற்றிக்கொள்ளக் கூடாது. நம் வெயிலில் வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது. சட்டையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதுதான். உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் ஏற்றினால் இரத்தத்தில் சோடியம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை. வயிற்றுப்போக்குக்கு நாம் கலக்கும் அதே கரைசல்தான். உப்புப் போட்ட மோர், நீராகாரம், கம்பங்கூழ் எல்லாம் இந்த வேலையைச் செய்யும். (என் வயதுக்காரர்களே, இதைச் சாக்கு வைத்து வீட்டில் கருவாடு கேட்காதீர்கள். உங்களுக்கும் எனக்கும் பிரஷர் மாத்திரை இருக்கிறது.)

அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். மறுநாளும் ஓட்ட வேண்டியவனுக்குத்தான் அவசரம். ஞாயிறு ஓட்டிவிட்டுத் திங்கள் வேலைக்குப் போகிறவன், அன்றைக்கு மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டாலே உடம்பு தன்னால் சரியாகிவிடும்.

இவ்வளவும் எழுதி வைத்துக்கொண்டு அவனுக்கே போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "சார், ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்டு மேல சூடைக் குழம்புக்கு எங்க போறது?" என்றான்.

நியாயமான கேள்வி. வழியில் கடை இருக்காது, இருந்தாலும் எண்ணெய்ப் புரோட்டாதான். இன்னொன்றும் நானே ஒப்புக்கொண்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது, அந்த 61 நாளும் மீன் விலையைக் கேட்கவே முடியாது. அதனால்தான் என் வீட்டில் ஒன்று செய்து பார்த்தோம். பொட்டுக்கடலையையும் கருப்பட்டியையும் 2க்கு 1 என்று எடுத்து, துளி உப்பும் ஏலக்காயும் சேர்த்து இடித்து உருண்டை பிடித்தாள் என் மருமகள். வெயிலில் வைத்துப் பார்த்தேன், இரண்டு நாளைக்கு ஒன்றும் ஆகவில்லை. 50 கிராம் உருண்டை 10 ரூபாய்கூட ஆகாது. உதிரக் கூடாது என்றால் இடிக்கும்போது ஒரு கரண்டி நல்லெண்ணெய் விடுங்கள்.

பாதி டப்பா மிச்சம் இருக்கிறதாம். அதைக் கொட்ட வேண்டாம், தீர்த்துவிடு, அடுத்ததை வாங்காதே என்று சொல்லியிருக்கிறேன். "சரி சார்" என்றான். பத்தாம் வகுப்பில் வீட்டுப்பாடம் கேட்டபோதும் இதே "சரி சார்"தான் சொல்வான், பார்ப்போம்.

மண்டபம் பக்கம் சைக்கிளில் வரும் பிள்ளைகள் யாராக இருந்தாலும் நம் வீட்டில் இறங்கிவிட்டுப் போகலாம். முந்தின நாளே ஒரு போன் மட்டும் பண்ணிவிடுங்கள். சூடை காலை 7 மணிக்குள் தீர்ந்துவிடுகிறது.