உரையைக் கேட்டோம், உரிமையைக் கேட்போமா?

நோயாளிக்கு மருந்து கொடுப்பது வைத்தியர் கடன். நோயை உண்டாக்கும் வேலையிடத்தைத் திருத்துவது எவர் கடன்? இக்கேள்வியை இன்று நாம் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. ஊழியர் நலன் என்னும் பெயரால் புதியதொரு வழக்கம் உலகெங்கும் பரவி வருகின்றது. அறிஞர்கள் ஆற்றிய மருத்துவ உரைகளை ஒலிப்பதிவாகவும் ஒளிப்பதிவாகவும் நிருவாகங்கள் ஊழியருக்கு அனுப்பி வைக்கின்றன. மன அழுத்தத்தை வெல்வது எவ்வாறு, நன்றாக உறங்குவது எவ்வாறு, மூச்சை அடக்கி அமைதி பெறுவது எவ்வாறு என்று அவை போதிக்கின்றன. ஊழியன் அவற்றைக் கேட்டு முடித்துவிட்டான் எனப் பதிவானதும் நிருவாகத்தின் கடமையும் முடிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றது.

பதிவுசெய்த உரைகளுக்கு நாம் பகைவர் அல்லேம். பல்கலைக்கழக மண்டபத்துள் அடைபட்டுக் கிடந்த அறிவு, வயல் வரம்பிலே நிற்கும் கமக்காரனின் செவிக்கும் எட்டுவது நமது காலத்தின் பெரும் பேறு. 1948 ஆம் ஆண்டிலே பேட்ரண்ட் ரசல் முதன்முதலாக ஆற்றிய பி.பி.சி. வானொலியின் ரீத் உரைகள் இன்றும் அறிவுலகின் செல்வமாக விளங்குகின்றன. 2014 ஆம் ஆண்டில் அவ்வுரைகளை நிகழ்த்திய சத்திர வைத்தியர் அதுல் கவாண்டே மருத்துவத்தின் எதிர்காலத்தையே பொருளாகக் கொண்டார். அவுஸ்திரேலிய வானொலியிலே 1959 ஆம் ஆண்டு தொடங்கிய போயர் உரைகளை 2016 ஆம் ஆண்டில் நிகழ்த்தியவர் பேராசிரியர் மைக்கேல் மார்மட். வாழ்வும் தொழிலும் மனிதர் உடல்நலத்தை எங்ஙனம் ஆக்குகின்றன, எங்ஙனம் அழிக்கின்றன என்பதை அவர் அவ்வுரைகளிலே எடுத்து விளக்கினார். இத்தகைய உரைகள் பரவ வேண்டும். தமிழிலும் பரவ வேண்டும்.

ஆயின் உரையை அனுப்பி வைப்போர் அவ்வுரையின் பொருளை ஏற்றுக்கொண்டனரா என்பதே நமது வினா. மருத்துவ ஆராய்ச்சி ஊழியனைப் பற்றி உண்மையில் என்ன கூறியிருக்கின்றது என்பதை நோக்குவோம்.

இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமசீனி 1700 ஆம் ஆண்டிலே தொழிலாளரின் நோய்கள் பற்றிப் பெருநூலொன்றை வெளியிட்டார். நோயாளியைக் காணும் வைத்தியன் வழமையாகக் கேட்கும் கேள்விகளோடு, 'உன் தொழில் யாது?' என்னும் கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது அவரது கோட்பாடு. இரண்டரை நூற்றாண்டு கழித்து, 1953 ஆம் ஆண்டில், ஜெரி மொரிஸ் என்னும் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் இலண்டன் பஸ் ஊழியர் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். ஒரே பஸ்ஸிலே, ஒரே தெருவிலே, ஒரே நேரத்திலே வேலை செய்தவர்கள் இருவர். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த சாரதிகளுக்கு, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநரிலும் பார்க்க இருதய நோய் மிகுதியாக இருந்தது. செய்யும் வேலை இருதயத்திலே தன் கணக்கை எழுதி வைக்கின்றது என்பது அப்போதே புலனாயிற்று.

அதற்கும் மேலான சான்று பிரித்தானிய அரசாங்க சேவையிலிருந்தே வந்தது. 1967 ஆம் ஆண்டு தொடங்கிய வைட்ஹோல் ஆராய்ச்சியில், இலண்டனில் வேலை செய்த ஏறத்தாழ 18,000 ஆண் உத்தியோகத்தர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் வறுமையால் வாடியவர் எனத் தக்கவர் எவருமிலர். அனைவரும் நிலையான உத்தியோகமும் மாதச் சம்பளமும் உடையவர். எனினும், ஏழரை ஆண்டுக் காலத்தில், ஆகக் கீழ்த் தரத்திலிருந்த சிற்றூழியரிடையே இருதய நோயால் நேர்ந்த மரணம், ஆக மேல் தரத்து நிருவாகிகளிடையே நேர்ந்ததிலும் மூன்றரை மடங்காகக் காணப்பட்டது. கீழ்ப்படியில் உள்ளவர் மட்டும் இறக்கவில்லை. படிக்குப் படி மரணம் கூடிக்கொண்டே சென்றது. இரண்டாம் படியில் இருந்த படித்த உத்தியோகத்தரும் முதற்படியில் இருந்தவரிலும் பார்க்க மிகுதியாக மாண்டனர். புகைத்தல், குருதி அமுக்கம், கொலஸ்டரோல் ஆகியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னரும் அவ்வேற்றுமையின் பெரும்பகுதி எஞ்சியே நின்றது.

எஞ்சியதன் காரணம் யாது? அதைத் தேடவே 1985 ஆம் ஆண்டில் இரண்டாவது வைட்ஹோல் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. இம்முறை பெண்களும் சேர்க்கப்பட்டனர். மொத்தம் 10,308 பேர். தன் வேலையை எப்போது செய்வது, எவ்வாறு செய்வது என்று முடிவு செய்யும் உரிமை ஊழியனுக்கு எவ்வளவு உண்டு என்பது அளந்து பார்க்கப்பட்டது. 1997 ஆம் ஆண்டில் முடிவுகள் வெளிவந்தன. தன் வேலைமீது தனக்கு ஆட்சி இல்லாதவர்க்கு இருதய நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்று அவை காட்டின.

சட்டம் பயின்ற கண்ணோடு நோக்குமிடத்து, இங்கே ஒரு தடை எழும். 'அதிருப்தி உற்றவன் தன் வேலையைக் குறைகூறத்தானே செய்வான்? அவன் வாய்மொழியை மட்டும் நம்பலாமா?' ஆராய்ச்சியாளர் இத்தடையை முன்னரே எதிர்பார்த்திருந்தனர். ஊழியரின் கூற்றை மட்டும் கொள்ளாது, அவ்வேலைகளைப் பற்றி நிருவாகத்தினரின் தனி மதிப்பீட்டையும் பெற்றனர். அம்மதிப்பீடும் அதே திசையைக் காட்டியது. வாதியின் சாட்சியத்தைப் பிரதிவாதியின் ஏடே உறுதிப்படுத்துமாயின் வழக்கு எத்தகையது என்பதை எந்த நீதவானும் அறிவார். 2005 ஆம் ஆண்டில் இன்னொரு முடிவும் வெளியாயிற்று. மேலதிகாரிகள் தம்மை நியாயமாக நடத்துகின்றனர் என்று கூறிய ஆண் ஊழியரிடையே இருதய நோய் குறைந்து காணப்பட்டது. நீதி என்பது நீதிமன்றத்துக்கு மட்டும் உரிய பொருளன்று. இருதயத்துக்கும் உரிய மருந்து என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாதா?

இத்தகைய ஆராய்ச்சியின் பயனை எடுத்துக் கூறும் உரை ஒலிநாடாவிலே ஓடுகின்றது. அதைக் கேட்கும் எழுதுவினைஞருக்கோ நாளைய வேலைநேரம் இன்றிரவு வரை தெரியாது. மூவர் செய்த வேலையை அவர் ஒருவரே செய்கின்றார். 'உன் மனத்தை நீ அடக்கு' என்று அவருக்குப் போதனை வழங்கப்படுகின்றது. 'வேலையின் மீது ஊழியனுக்கு ஆட்சி வேண்டும்' என்று ஆராய்ச்சி கூறிற்று. 'ஊழியனே, உன்னை நீ ஆட்சி செய்துகொள்' என்று அது திரிக்கப்பட்டுவிட்டது. கூரை ஒழுகும் வீட்டிலே குடியிருப்பவனுக்குத் தடிமன் மாத்திரை கொடுத்துவிட்டு, கூரையைப் பற்றிப் பேசாதே என்பது போன்றதன்றோ இது?

இத்தகைய போதனைகளால் பயன் விளைந்ததா என்பதும் ஆராயப்பட்டிருக்கின்றது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பிளெமிங் 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பிரித்தானியாவிலே 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியரின் விடைகளை ஒப்புநோக்கியது. மனப்பயிற்சி வகுப்புகளிலும் மன அழுத்தப் பயிற்சிகளிலும் சேர்ந்தோர், சேராதோரிலும் பார்க்க நலமாக இருந்தனர் என்று கூற அங்கே சான்று இல்லை. ஐக்கிய அமெரிக்காவிலே பெரும் வணிக நிறுவனமொன்றின் 160 வேலையிடங்களில், ஏறத்தாழ 33,000 ஊழியரிடையே நடத்தப்பட்ட பரீட்சையின் முடிவு 2019 ஆம் ஆண்டில் வெளிவந்தது. நலத்திட்டம் நடந்த இடங்களிலே சில நல்ல பழக்கங்கள் பெருகியதாக ஊழியர் கூறினர். ஆயின் பதினெட்டு மாதம் கழிந்த பின்னரும் குருதி அமுக்கம், உடல்நிறை, லீவு நாட்கள், வைத்தியச் செலவு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நாம் மறைக்க விரும்பவில்லை. புகைத்தலைக் கைவிடுவதும் உடற்பயிற்சி செய்வதும் ஒவ்வொருவர் கையிலும் உள்ள காரியங்களே. அவற்றை எடுத்துரைக்கும் உரை தீங்கானதன்று. மனம் நொந்தவனுக்கு ஆறுதல் தரும் குரலும் வேண்டியதே. மேலும், ஆட்சியின்மையும் நோயும் ஒருங்கே காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றையதற்குக் காரணமாகிவிடாது என்று ஆராய்ச்சியாளர் சிலர் எச்சரிப்பதும் முறையானதே. ஆயினும் நிருவாகம் எந்தச் சான்றை நம்பித் தன் நலத்திட்டத்தை நடத்துகின்றது? ஊழியனின் கோரிக்கைக்கு மட்டும் ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். நிருவாகத்தின் ஒலிநாடாவுக்கு எந்த நிரூபணமும் வேண்டாம் என்பது நீதியாகுமா?

'வேலைச்சுமை என்பது அளக்க முடியாத பொருள். அதைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவது இயலாது' என்பர் வேறு சிலர். யப்பானைப் பாருங்கள். அங்கே அளவு மீறிய வேலையால் நேரும் மரணத்துக்குக் 'கரோஷி' என்னும் தனிப்பெயரே உண்டு. மரணத்துக்கு முந்திய ஒரு மாதத்தில் 100 மணித்தியாலம், அல்லது இரண்டு முதல் ஆறு மாதங்களில் மாதத்துக்குச் சராசரி 80 மணித்தியாலம் மேலதிக வேலை செய்திருந்தால், மரணத்துக்கும் வேலைக்கும் வலுவான தொடர்பு உண்டு என்று அந்நாட்டு நட்டஈட்டு முறை 2001 ஆம் ஆண்டு முதல் கொள்கின்றது. 2014 ஆம் ஆண்டில் அத்தகைய மரணங்களைத் தடுக்கத் தனிச் சட்டமும் வந்தது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் நிறுவனமும் 2021 ஆம் ஆண்டில் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணித்தியாலமும் அதற்கு மேலும் உழைத்ததன் விளைவாக 2016 ஆம் ஆண்டில் மட்டும் 7,45,000 பேர் பாரிசவாதத்தாலும் இருதய நோயாலும் மாண்டனர். 2022 ஆம் ஆண்டிலோ பாதுகாப்பும் நலமும் உள்ள வேலையிடம் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்று என்று சர்வதேச தொழில் மாநாடு தீர்மானித்தது. சலுகை என்பது கொடுப்போன் விருப்பம். உரிமை என்பது பெறுவோன் சொத்து. இவ்வேற்றுமையை நமது தொழிற்சங்கங்கள் நெஞ்சிலே பொறித்துக்கொள்ள வேண்டும்.

நமது நாட்டிலும் 1934 ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஆகியன உண்டு. காற்றோட்டம், வெளிச்சம், இயந்திர வேலி, வேலைநேரம் ஆகியவற்றைச் சட்டம் கவனித்தது அக்காலத்துக்குப் பெருஞ் சாதனையே. எனினும், வெள்ளையன் வகுத்த தரப்படிகள் மீதே நமது அரசாங்க சேவையும் எழுந்தது. வைட்ஹோலின் படிகளிலே கண்ட உண்மை நமது கந்தோர்களின் படிகளுக்குப் பொருந்துமா என்று ஆராயுமாறு நாம் கேட்பதில் தவறென்ன?

'கமக்காரருக்கு இதனால் ஆவதென்ன?' என்று சிலர் வினவக்கூடும். கமக்காரனுக்கு மேலதிகாரி இல்லை. ஒலிநாடா அனுப்ப நிருவாகமும் இல்லை. ஆயினும் விதைக்கும் நாளைத் தான் குறிப்பவன் விற்கும் விலையைத் தான் குறிப்பதில்லை. கடனின் தவணையையும் தான் குறிப்பதில்லை. தன் உழைப்பின் மீது தனக்கு ஆட்சி இல்லாமை உடலை வருத்துமாயின், மேசைக்கு ஒரு நியாயம், மண்ணுக்கு ஒரு நியாயம் இருக்க முடியாது என்பது நமது துணிபு. மேலும் அறுவடைக் காலத்திலே கூலிக்கு ஆள் அமர்த்தும் கமக்காரர் தாமும் ஒரு நிருவாகமே என்பதை மறத்தலாகாது. உச்சி வெயிலிலே நிழலும் நீரும் ஓய்வும் அளிக்காது உரிமைக்குரல் எழுப்புவது நமக்கு அழகன்று.

எனவே நாம் கூறுவது இது. உரைகளை ஊழியர் கேட்கட்டும். ஆனால் சம்பளத்துக்குரிய வேலைநேரத்திலே, கூடியிருந்து, தாய்மொழியிலே கேட்கட்டும். கேட்டு முடிந்தபின் நிருவாகிகளை முன்னே இருத்தி வினா எழுப்பும் வாய்ப்பும் இருக்கட்டும். வேலைநேர அட்டவணையை முன்கூட்டியே அறிவித்தல், வெற்றிடங்களை நிரப்புதல், வேலையைப் பங்கிடுவதில் ஊழியரின் சொல்லுக்கும் இடமளித்தல், இடமாற்றத்துக்கும் தண்டனைக்கும் எதிராக அஞ்சாது முறையிட வழிசெய்தல் ஆகிய நான்கையும் தொழிற்சங்கங்கள் கோரிக்கைகளாக எழுத்திலே முன்வைக்கட்டும். மருந்துச் சீட்டை மருத்துவ ஆராய்ச்சி எழுதித் தந்துவிட்டது. அதை வாசித்துக் காட்டியதனால் மட்டும் நோய் தீர்ந்துவிடாது. மருந்தைக் கொடுக்க வேண்டும்.

பேராசிரியரின் குரலை எத்தனை முறை ஒலிக்கச் செய்தாலும், கேட்கும் ஊழியனின் குரலுக்கு இடமில்லாத வேலையிடம் நலமுள்ள வேலையிடம் ஆகாது. செவியை மட்டும் கேட்கும் நிருவாகத்திடம் நாம் நமது வாயையும் கேட்போம்!