நான்காம் கட்டத்தை யார் நடத்துவது?

2024 ஆகஸ்ட் 7 அன்று, புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின் 101ஆம் விதியின் கீழ் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் உத்தரவு பிறப்பித்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றில் ஒப்புதல் பெற்ற ஐந்து வகை மருந்துகளுக்கு உள்நாட்டுச் சோதனையிலிருந்து விலக்கு. அரிய நோய் மருந்துகளுக்கும் மரபணு சிகிச்சைக்கும் இதை வரவேற்கிறோம். ‘நடப்புச் சிகிச்சையைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்ற ஐந்தாம் வகையில் மட்டும் கார்பன் நானோதுகளைத் தாங்கியாகக் கொண்ட மருந்துகளைச் சேர்க்கக் கூடாது.

புற்றுநோய்க்கு அப்படி ஒரு மருந்து இன்னும் எங்கும் ஒப்புதல் பெறவில்லை என்பது உண்மைதான். சீனாவில் புழங்கும் கார்பன் நானோதுகள் ஊசி, அறுவையின்போது நிணநீர்க் கணுக்களைக் கறுப்பாக்கிக் காட்டும் சாயம் மட்டுமே. ஆனால் விதியை மருந்து வருமுன் திருத்த வேண்டும். வந்தபின் திருத்தினால், ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவருக்கு அதனால் என்ன பயன்?

ஏற்கெனவே புழங்கும் நானோ மருந்தான லிப்போசோம் டாக்சோரூபிசினின் கொழுப்பு உறையை உடல் சிதைத்துவிடும். கார்பன் நானோகுழாயோ கல்லீரலிலும் மண்ணீரலிலும் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. செலுத்திய நானோதுகள்களில் கட்டியைச் சேர்வது இடைநிலை மதிப்பாக 0.7 சதவீதமே என்று 2016இல் வந்த தொகுப்பாய்வு சொன்னது. நீண்ட பல்சுவர்க் குழாய்கள் எலிகளில் கல்நார் போன்ற அழற்சியை உண்டாக்குவது 2008இலேயே வெளியானது. அவற்றில் ஒரு வகையை பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல், புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்னும் 2பி பிரிவில் வைத்தது. கல்நாரின் தீங்கு வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதை நாம் அறிவோம்.

விலக்கு பெறும் நிறுவனம், மருந்து சந்தைக்கு வந்தபின் நான்காம் கட்ட ஆய்வு நடத்துவதாக உறுதிமொழி தர வேண்டும். யாரை வைத்து, எங்கே? இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். எடுத்துக்காட்டாக, கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019இல் உருவானது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனால் அம்மாவட்டத்தின் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஊரிலிருந்து ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண் கீமோவுக்காகப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்தில் அவர் குடும்பத்தோடு காபித் தோட்ட வேலைக்குக் கர்நாடகம் போய்விடுவார். மூன்றாம் ஆண்டில் அவருக்கு மூச்சுத்திணறல் வந்தால், அதை அந்த ஊசியோடு சேர்த்துப் பார்த்து மருந்தின் பாதகவிளைவைப் பதியும் ஏடிஆர் படிவத்தை நிரப்பப்போவது யார்? அவருக்கு என்ன செலுத்தினார்கள் என்ற சீட்டாவது அவர் கையில் இருக்குமா?

இந்த விலக்கு உத்தரவுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான், கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளைத் தொடர்ந்து, கல்வராயன் மலையின் அடிப்படை வசதிக் குறைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலையும் மருத்துவமும் கேட்டு நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய இடம் அது. அங்கே சந்தைக்குப் பிந்தைய கண்காணிப்பு நடக்கும் என்று தில்லியில் எந்த நம்பிக்கையில் கையெழுத்திட்டார்கள்? மலைக்காரரின் உடலில் தெரியாமல் போன தீங்கு, கோப்பில் ‘தீங்கு இல்லை’ என்றே பதிவாகும். இதை ஒழுங்குமுறை என்று எங்களால் ஏற்க முடியாது.

உடலில் சிதையாத கார்பன் தாங்கிகளை ஐந்தாம் வகையிலிருந்து வெளிப்படையாக நீக்க வேண்டும். எந்தப் பாதையில் ஒப்புதல் தந்தாலும், நிறுவனத்தின் செலவில் குறைந்தது பத்தாண்டுப் பதிவேடு, நோயாளியின் கையில் மருந்து அட்டை, மாவட்ட மருத்துவக் கல்லூரியில் அதற்கென ஒரு மருந்தாளுநர் ஆகிய மூன்றையும் உரிமத்தின் நிபந்தனையாகவே எழுத வேண்டும்.