புழுக் குத்திய கத்தரிக்காய்

கல்குடாப் பகுதியின் மணற்பாங்கான தோட்டங்களில் விளைந்த கத்தரிக்காயை அரியும்போது இளஞ்சிவப்புப் புழுவொன்று நெளியுமாயின், வீட்டார் காயையே வீசிவிடுகின்றனர். இது வீண் நட்டம். குருத்தும் காயும் துளைக்கும் இப்புழு மனிதருக்கு நோய் பரப்புவதன்று. பழுதுற்ற பாகத்தையும் எச்சத்தையும் அகற்றி, மிகுதியைக் கழுவிச் சமைக்கலாம். அழுகல் பரவிய காயை மாத்திரம் உண்ணலாகாது.

அஞ்சத்தக்கது வேறு. துளையற்ற காய்க்கே சந்தையில் விலையுண்டு என்பதனால், பறிப்பதற்கு முதல்நாளும் கிருமிநாசினி தெளிப்பாருளர். பயன் யாது? முட்டையினின்று வெளிவந்த புழு விரைவிலேயே காயினுட் புகுந்து, தன் எச்சத்தால் துளையை அடைத்துக்கொள்கின்றது. மருந்து அதனைச் சென்றடைவது அரிது. உண்பவர் கலத்தையோ எளிதிற் சென்றடையும். வாடிய குருத்துக்களையும் துளைபட்ட காய்களையும் வாரந்தோறும் கொய்து எரித்தல் இதனினும் மேலானது. தெளித்தே தீரவேண்டுமாயின், போத்தலிற் குறித்த நாட்கள் கழியுமுன் ஒரு காயையும் பறித்தலாகாது.