கொலையாளி பிடிபட்டான், விசாரணை முடியவில்லை

ஆடு திருடியவர்களைத் துரத்திப் போய் ஒரு காவல் அதிகாரி உயிரை விட்டார். 2021 நவம்பர் 21, விடியாத நேரம். திருச்சி நவல்பட்டுக் காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் இரவு ரோந்தில் இருந்தார். இரு சக்கர வாகனத்தில் ஆட்டோடு போனவர்களை நிறுத்தச் சொன்னார், அவர்கள் நிற்கவில்லை. மாவட்ட எல்லை தாண்டி, புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூர்ப் பக்கம் வரை விரட்டிச் சென்று, ரயில்வே சுரங்கப்பாதை அருகே மடக்கியும் விட்டார். உடன் கிளம்பிய காவலர் இருட்டில் வழி தவறிவிட்டார். பிடிபட்டவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவனின் தாயைக் கைப்பேசியில் அழைத்து, பிள்ளையைத் திருத்தும்படி பூமிநாதன் பேசியிருக்கிறார். அவர் கேட்ட உதவி வந்து சேர்வதற்குள் வெட்டிவிட்டார்கள்.

அந்தத் தொலைபேசி அழைப்பை நாம் மறக்கக் கூடாது. கையில் அதிகாரம் இருந்தும், எதிரே நிற்பவன் திருடன் என்று தெரிந்தும், அந்த வேளையில் அவன் தாயிடம் பேசத் தோன்றிய மனிதர் அவர். தமிழ்நாடு காவல்துறை தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு நிகழ்வைத் தேட வேண்டுமென்றால் இதைவிட வேறு வேண்டியதில்லை.

அரசும் குறை வைக்கவில்லை. குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாயும் அரசு வேலையும் அறிவிக்கப்பட்டன. அரசு மரியாதை, குண்டு முழக்கம், உயர் அதிகாரிகளின் மலர்வளையம் எல்லாம் நடந்தன. இரண்டு நாளுக்குள் குற்றவாளிகளும் பிடிபட்டார்கள். ஆத்திரத்தில் யாரையும் சுட்டுத் தள்ளாமல், சட்டப்படி தேடிப் பிடித்தார்கள். பூமிநாதனுக்கு அவருடைய துறை செய்த உண்மையான அஞ்சலி அதுதான் என்போம். அத்துடன் கோப்பு மூடப்பட்டது. மூடியிருக்கக் கூடாது என்பதே நமது வாதம்.

இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும். 2020 ஜனவரி 8 இரவு, கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சுட்டும் குத்தியும் கொல்லப்பட்டவர் வில்சன். வயது 57; ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. 2025 ஆகஸ்ட் 5 இரவு, திருப்பூர் மாவட்டம் குடிமங்கலம் அருகே ஒரு தோட்டத்தில் தந்தைக்கும் மகன்களுக்கும் சண்டை என்று தகவல் வந்து, விலக்கிவிடப் போன இடத்தில் வெட்டிக் கொல்லப்பட்டவர் சண்முகவேல். அவருடன் போனவர் வாகனம் ஓட்டிய காவலர் ஒருவர் மட்டுமே. மூன்று மாவட்டங்கள், மூன்று வெவ்வேறு குற்றங்கள். வில்சனைக் கொன்ற வழக்கு தீவிரவாதம் சார்ந்தது என்று தேசியப் புலனாய்வு முகமைக்கே போனது. மற்றொன்று ஆட்டுத் திருட்டு. இன்னொன்று குடிபோதையில் எழுந்த குடும்பத் தகராறு. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை.

ஆனால் இறந்த மூவரும் சிறப்பு உதவி ஆய்வாளர்கள், அதாவது எஸ்.எஸ்.ஐ.க்கள். மூவரும் இரவுப் பணியில் இருந்தவர்கள். மூவரும் ஐம்பது வயதைத் தொட்டவர்கள்.

எஸ்.எஸ்.ஐ. என்பவர் யார் என்று காவல் நிலையப் படி ஏறியவர்களுக்குத் தெரியும். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, முதல்நிலைக் காவலர், ஏட்டு என்று ஏறி, கால் நூற்றாண்டு உழைத்த பிறகு தோளில் நட்சத்திரம் வாங்குகிறவர். நேரடித் தேர்வில் வந்த இளம் எஸ்.ஐ.க்குக் கிடைக்கும் மதிப்பு இவருக்குக் கிடைக்காது. ஸ்டேஷனில் எல்லோருக்கும் இவர் தேவை. ஊர்க்காரர்களின் முகம் தெரியும், யார் வீட்டில் எப்போது சண்டை வரும் என்று தெரியும், எந்தத் தகராறையும் பேசியே முடிப்பார். அதனாலேயே நடுராத்திரித் தகவலுக்கு முதலில் எழுப்பப்படுபவரும் இவர்தான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்துவிட்ட வயதில், ஒரு லத்தியோடு, பீட் புத்தகத்தில் கையெழுத்துப் போடக் கிளம்புகிறார். மூன்று எஸ்.எஸ்.ஐ.க்கள் இப்படி இறந்ததைத் தற்செயல் என்று ஒருவர் சொல்லலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. ஆள் போதாத நிலையங்களில் வேலை யார் தலையில் விழுகிறதோ, ஆபத்தும் அவர் தலையிலேயே விழுகிறது.

இதை விசாரித்தவர் யார்? ரயில் தடம் புரண்டால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிக்கிறார். அவர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டவர்கூட இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். ரயில்வேயின் தவறை ரயில்வேயே மறைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. சுரங்கத்தில் தொழிலாளி இறந்தால் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் வருகிறது. தொழிற்சாலை விபத்துக்கு ஆய்வாளர் இருக்கிறார். காவலில் கைதி இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பணியில் காவலர் கொல்லப்பட்டால் மட்டும் கொலையாளியை விசாரிப்பதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அன்றிரவு பணிப்பட்டியலில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அயல்பணியில் வேறெங்கோ அனுப்பப்பட்டிருந்தார்கள், உதவி கேட்ட அழைப்புக்கும் உதவி வந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஓடியது என்ற கேள்விகள் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் இடம்பெறாது. இடம்பெறவும் முடியாது, அவை கொலையாளியைப் பற்றியவை அல்லவே.

பூமிநாதன் இறந்தபின், அன்றைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு, இரவுப் பணிக்குப் போகிறவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டும், உயிருக்கு ஆபத்து வந்தால் பயன்படுத்தத் தயங்கக் கூடாது என்றார். தன் ஆட்களைப் பற்றிய கவலையில் பிறந்த அறிவுரை, குறை சொல்ல மாட்டோம். ஆனால் இருவர் செய்ய வேண்டிய வேலைக்குத் துப்பாக்கி இரண்டாவது ஆளாகிவிடாது. மூன்று பேர் சேர்ந்து போயிருந்தால் அந்தச் சுரங்கப்பாதையில் துப்பாக்கியை எடுக்கவே வேண்டியிருந்திருக்காது.

“ஆள் இல்லையே” என்பார்கள். இருக்கிறார்கள். அதிகாரிகள் வீட்டில் காய்கறி வாங்கவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், நாயை உலாத்தவும் இருக்கிறார்கள். ஆர்டர்லி முறையை ஒழித்து அரசாணை வந்தது 1979இல். அது ஒழியவே இல்லை என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம் கடுமையாகக் கண்டிக்க வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகள் ஓர் அரசாணையை அலட்சியப்படுத்தும் துறை, தன் கீழ்நிலைக் காவலருக்கு மட்டும் ஒரு நிமிடத் தாமதத்துக்கு மெமோ கொடுக்கிறது. வாராந்தர ஓய்வுக்கான ஆணையும் 2021இல் வந்தது. நிலையத்தில் ஆள் இருந்தால்தானே ஓய்வு? இதையெல்லாம் காவலர்களே எழுந்து கேட்கட்டும் என்றால், சங்கம் வைக்கும் உரிமையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. தனக்காக வாய் திறக்க முடியாத ஊழியனுக்காகப் பேச வேண்டிய கடமை சட்டமன்றத்துக்கும் பத்திரிகைகளுக்கும் இருக்கிறது. இரண்டுமே பெரும்பாலும் இறுதி ஊர்வலத்தோடு நின்றுவிடுகின்றன.

நிதி விஷயத்திலும் ஒரு சொல். வில்சன், பூமிநாதன், சண்முகவேல் குடும்பங்களுக்கு ஒரு கோடி அறிவிக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டம் வல்லநாடு அருகே ரவுடியைப் பிடிக்கப் போன இடத்தில் நாட்டு வெடிகுண்டு வீசிக் கொல்லப்பட்ட இளம் காவலர் சுப்பிரமணியன் குடும்பத்துக்கு ஐம்பது லட்சம். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஏரலில், குடித்துவிட்டு ரகளை செய்தவனைக் கண்டித்ததற்காக நள்ளிரவில் வண்டியேற்றிக் கொல்லப்பட்ட உதவி ஆய்வாளர் பாலு குடும்பத்துக்கும் ஐம்பது லட்சம். ஏன் இந்த வேறுபாடு? எந்த விதியின்படி? முதலமைச்சரின் அறிவிப்பு என்பதைத் தவிர விடை இல்லை. அன்றைய செய்தியின் பரபரப்பும் அரசியல் சூழலும் தொகையைத் தீர்மானிக்கின்றன என்று குடும்பங்கள் நினைத்தால் அவர்களைத் தவறு சொல்ல முடியாது. இறந்தவரின் மனைவி அரசின் தயவுக்குக் காத்திருக்கக் கூடாது. பணியில் கொல்லப்பட்டால் இவ்வளவு, இத்தனை நாளுக்குள் என்று விதியாக எழுதிவைப்பதில் என்ன கஷ்டம்?

கொலையாளிகள் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். சண்முகவேல் வழக்கில் முக்கியக் குற்றவாளி என்று சொல்லப்பட்டவர் இரண்டு நாளில் என்கவுன்ட்டரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதத்தைப் பறிமுதல் செய்ய அழைத்துப் போனபோது தாக்கினார் என்பது காவல்துறை சொல்லும் காரணம். பலர் மகிழ்ந்தார்கள். நாம் மகிழவில்லை. அந்தத் தோட்டத்துக்குச் சண்முகவேல் போனது சண்டையை நிறுத்தவும், சட்டத்தின் கையில் ஒப்படைக்கவும்தான். அவர் பெயரால் நீதிமன்றத்தின் வேலையைத் துப்பாக்கி செய்து முடிப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. நீதிமன்றத்தில் வழக்கு நடந்திருந்தால் அன்றிரவு நடந்தது ஒவ்வொரு நிமிடமாக வெளியே வந்திருக்கும். இப்போது அதில் பாதி, இறந்தவனோடு போய்விட்டது.

உண்மை வெளிவருவதால் இறந்தவரின் கௌரவம் குறைந்துவிடுமோ என்று துறை அஞ்சுகிறது. அப்படிக் குறையாது என்பதற்கு ஆய்வாளர் பெரியபாண்டியன் சாட்சி. 2017 டிசம்பர் 13 அன்று, சென்னை கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையர்களைத் தேடி ராஜஸ்தானின் பாலி மாவட்டம் வரை போனவர், அங்கே குண்டு பாய்ந்து இறந்தார். கொள்ளையர்கள் சுட்டார்கள் என்றே முதலில் செய்தி. உடன் சென்ற அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டு அது என்று ராஜஸ்தான் போலீஸ் விசாரித்துச் சொன்னது. வேற்று மாநிலத்தில் நடந்ததால், வேறொரு போலீஸ் விசாரித்ததால் உண்மை வந்தது. உள்ளூரில் நடந்திருந்தால் வந்திருக்குமா என்பது வாசகர் முடிவுக்கு. அந்த உண்மை தெரிந்த பிறகும் பெரியபாண்டியனைத் தமிழகம் மறக்கவில்லை, மதிப்புக் குறையவும் இல்லை. ஊர் பேர் தெரியாத இடத்துக்குக் கொள்ளையரைத் தேடிப் போனவர் என்ற ஒன்றே போதும். ஆனால் முன்பின் தெரியாத கட்டடத்தில் தேடுதலுக்கு நுழையும்போது யார் முன்னே, யார் பின்னே, துப்பாக்கி எந்த நிலையில் என்று நம் ஆட்களுக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தோம் என்ற கேள்வியை அந்த உண்மைதான் எழுப்பியது. வீரகதையாக விட்டிருந்தால் கேள்வியே எழுந்திராது.

சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் அடித்துக் கொன்ற துறைக்கா இவ்வளவு அனுதாபம் என்று சிலர் கேட்பார்கள். 2025இல் திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் அடித்தே கொல்லப்பட்டதையும் நினைவூட்டுவார்கள். நினைவூட்டட்டும். அந்தக் கொலைகளுக்கு மன்னிப்பே கிடையாது என்பது இந்தப் பத்தியின் நிலைப்பாடு. ஆனால் சாத்தான்குளத்தில் நடந்தது எப்படி வெளியே வந்தது? கோவில்பட்டி நடுவர் நேரில் போய் விசாரித்தார். அந்த நிலையத்திலேயே பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர், சுற்றிலும் மிரட்டல் இருந்தும், கண்டதைச் சொன்னார். காவலில் இறந்தவருக்குக் கிடைத்த அந்த வெளியார் விசாரணையைத்தான் பணியில் இறந்த காவலருக்கும் கேட்கிறோம். கீழ்நிலைக் காவலரின் உயிரைப் பொருட்படுத்தாத நிர்வாகம் சாமானியனின் உயிரைப் பொருட்படுத்தும் என்று எதிர்பார்ப்பது வீண். இரண்டும் ஒரே நோய்.

லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் 1959 அக்டோபர் 21 அன்று சீனப் படையின் தாக்குதலில் பத்துக் காவலர்கள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளை வீரவணக்க நாளாக அனுசரிக்கிறோம். சென்னையில் கடற்கரையை ஒட்டிய டி.ஜி.பி. அலுவலக வளாகத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள், இறந்தவர்களை நினைவுகூர்கிறார்கள். டெல்லி சாணக்கியபுரியில் 2018இல் திறக்கப்பட்ட தேசியக் காவலர் நினைவிடத்தின் சுவரில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவை வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சுவரில் ஒரு பெயர் ஏறும்போது, அது ஏன் ஏறியது என்று ஒரு பக்க அறிக்கையாவது ஏதோவொரு கோப்பில் இருக்க வேண்டாமா?

நமது தீர்ப்பு இது. வில்சனையும் பூமிநாதனையும் சண்முகவேலையும் கொன்றவர்கள் குற்றவாளிகள், அதில் தளர்வில்லை. இறந்த மூவரையும் அந்த இரவுகளில் போதிய துணையின்றி அனுப்பிய நிர்வாகமும் பொறுப்பேற்க வேண்டும். இரண்டு ஆட்சிகளிலும் இது நடந்திருக்கிறது. ஆகவே எந்தக் கட்சியும் மற்றதைக் கை காட்டித் தப்பிக்க முடியாது. பணியில் ஒரு காவலர் கொல்லப்பட்டால், தொண்ணூறு நாளுக்குள், துறைக்கு வெளியே இருந்து ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் விசாரிக்க வேண்டும். பணிப்பட்டியல், வாக்கி டாக்கிப் பதிவு, அயல்பணி ஆணைகள், உதவி வந்த நேரம் அனைத்தும் அந்த அறிக்கையில் இருக்க வேண்டும். காவல்துறையைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் முதலமைச்சர், காவல்துறை மானியக் கோரிக்கை விவாதத்தின்போது அதைப் பேரவையில் வைக்க வேண்டும். களியக்காவிளை, கீரனூர், குடிமங்கலம் மூன்றிலிருந்தும் தொடங்கலாம். ஆவணங்கள் இன்னும் அழிந்திருக்காது.