வாட்ச்மேனை அடிக்காதீர்கள்!

சேலம் அஞ்சு ரோடு பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பேச்சலரோ, நாமக்கல்லில் தோட்டத்து வீட்டுக்காரரோ, எறும்பு வரிசையைப் பார்த்ததும் கை போவது ஸ்பிரே டப்பாவுக்குத்தான். தரையெல்லாம் பிணம். மறுநாள் காலை அதே வரிசை, அதே ரூட்!

காரணம் சிம்பிள். வெளியே திரிகிறதெல்லாம் ஃபீல்டு ஸ்டாஃப். ராணி மேடம் புற்றுக்குள் சௌக்கியமாக முட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். புது ஆள் எடுப்பதுதான் அவர் வேலையே.

ஆகவே டப்பாவை வைத்துவிட்டு, வரிசை எங்கே போகிறது என்று பாருங்கள். சர்க்கரை டப்பாவில் முடிந்தால் அதிர்ஷ்டசாலி நீங்கள். மூடியை இறுக்கி, வழியைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். அதுகள் போட்ட வாசனை ரோடு அழிந்துவிடும். அப்புறமும் வந்தால், 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் ஆசிட் கலந்து, பஞ்சில் நனைத்து, குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாத மூலையில் வையுங்கள். மெதுவான விஷம். பார்சல் மேடத்துக்கே போய்ச் சேரும். அளவைக் கூட்டினால் ஸ்டாஃப் வழியிலேயே காலி, பார்சல் போகாது.

வரிசை வாசல் செம்பருத்தியில் ஏறுகிறதா? இலையைத் திருப்புங்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. அது செடியின் சாற்றை உறிஞ்சி இனிப்பாகக் கழிக்கும். எறும்பு அதைக் குடித்துவிட்டு, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும், அதற்குள் முட்டையிட வரும் குட்டிக் குளவியையும் விரட்டும். வாட்ச்மேன் டியூட்டி!

நம்ம ஊரில் இது சோற்றுப் பிரச்னை. 2020-ல் கேரளாவில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி நம் பக்கமும் பரவி, ஜவ்வரிசிக்குக் கிழங்கு போடும் விவசாயிகளைக் கலங்கடித்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குட்டிக் குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் பறக்கவிட்டார்கள். கண்டபடி மருந்தடித்தால் இந்தக் குளவியும் சேர்ந்து சாகும்.

உங்கள் செடிக்கு? பைப் தண்ணீரை வேகமாக அடித்து மாவுப்பூச்சியைக் கழுவுங்கள். ரொம்பப் பிடித்த கிளையை வெட்டிப் பையில் கட்டிப் போடுங்கள். சுவரைத் தொடும் கிளையையும் வெட்டினால் வீட்டுக்குள் பாலம் இல்லை.

எறும்பு வெறும் வாட்ச்மேன்தான் சார். கை ஓங்குவதற்கு முன்னால், அதுக்குச் சம்பளம் யார் தருவது என்று பாருங்கள்!